எட்டாவது பாட்டின் தேதி

“சனிக்கிழமை. தைப்பூசம் முடிந்து இரண்டாவது வாரம். ஸ்ரீ கெம்பாங்கான். மழை இல்லை. மிக்சருக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஹெட்ஃபோன் பகுதி செத்துவிட்டது. பாட்டு ஒன்றும் பதிவாகவில்லை.”

கொரோனா காலத்தின் முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு முந்தைய ஆண்டில் நான் வைத்திருந்த குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். ரயில் தாமதமானது, வீட்டுக் குழாய் மாற்றியது, படித்து முடித்த புத்தகம், எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. அன்று ஒரு தமிழ் ராக் குழு தன் முதல் இசைத்தொகுப்பைப் பதிவு செய்யத் தொடங்கியது. குழுவின் பாடகி என் மனைவி. எந்தப் பாட்டு எப்போது எங்கே பதிவானது என்ற விவரங்களோடு, தொகுப்புடன் போகவேண்டிய ஒரு குறிப்பை எழுதித் தரும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். அந்தக் குறிப்பை இதுவரை நான்கு முறை எழுதியிருக்கிறேன். முதல் மூன்றும், தொகுப்பு வெளிவராமலே பழசாகிவிட்டன.

குழுவில் நான்கு பேர். பாட்டுக் கட்டி கித்தார் வாசிப்பவர் என் மனைவியோடு கல்லூரியில் படித்தவர். பூச்சோங்கில் ஏர்கான் பொருத்தும் தொழில். டிரம்ஸ் வாசிப்பவர் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அதற்கு முன் ஓர் உறுமி மேளக் குழுவில் இருந்தவர். பேஸ் கித்தார் வாசித்தவர் பின்னாளில் வேலை கிடைத்து சிங்கப்பூருக்குப் போய்விட்டார். நான்காவது என் மனைவி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, “சனிக்கிழமை பத்து மணிக்கு வரீங்களா ஆன்டி?” என்று அப்போது தொலைபேசியில் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆள், மேடையில் ஏறினால் மண்டபத்தின் பின்வரிசையில் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கனமான, அடித்தொண்டையிலிருந்து கிளம்புகிற குரல். உச்சத்துக்குப் போகும்போது ஓரத்தில் லேசாகக் கிழியும். கித்தார்காரர் அந்தக் கிழிசலை மனதில் வைத்துத்தான் பாட்டே கட்டுவார்.

அவர்களுடைய மேடை வரலாறு பெருமைப்படும்படி இருந்ததில்லை. கல்யாண மண்டபங்களில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள், பிறகு சினிமாப் பாட்டு கேட்டார்கள். ராக் இசை நிகழ்ச்சிகளுக்குப் போனால் மற்ற குழுக்கள் தமிழில் பாடுவதை வேடிக்கை பார்த்தன. வானொலியில் இருந்த ஒருவர், பாட்டு நன்றாயிருக்கிறது, கித்தாரை மட்டும் எடுத்துவிட்டுத் தரமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். ஒருமுறை செந்தூலில் ஒரு கோவில் விழாவுக்கு அழைத்துப் போனவர், இவர்களை பஜனைக் குழு என்று நினைத்துத்தான் அழைத்திருக்கிறார் என்பது ஒலிபெருக்கிகளை இறக்கிய பிறகுதான் தெரிந்தது. தொகுப்பு ஒன்று வந்துவிட்டால் நாம் யார் என்று எவனும் கேட்கமாட்டான் என்று கித்தார்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மஞ்சள் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதிவுக்கூடம் ஸ்ரீ கெம்பாங்கானில், பட்டறைகள் நிறைந்த ஒரு வரிசையில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நடத்தியவர் ஒரு சீனர். எல்லோரும் அவரை பாஸ் என்றே கூப்பிட்டார்கள். அன்று டிரம்மர் காலையிலேயே ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்துவிட்டார். உள்ளே எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், சூடம், வேப்பிலை, ஒரு போத்தலில் மஞ்சள் கரைத்த தண்ணீர். ஆயுத பூசைக்குத் தன் லோரிக்குச் செய்வதை எல்லாம் இங்கேயும் செய்தார். டிரம்ஸுக்குப் பொட்டு, கித்தார்களுக்குப் பொட்டு. ஒலிபெருக்கிப் பெட்டியின் சின்னச் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு பெட்டியைத் தள்ளினார்கள். பாஸும் தன் கடைச் சாமிக்குத் தினம் ஊதுபத்தி ஏற்றுகிறவர்தான். கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி பார்த்தார். கடைசியில் டிரம்மர் வேப்பிலையை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கூடத்தைச் சுற்றித் தெளித்தார். மிக்சர் மேசைக்கு வந்ததும், இத்தனை பெரிய சாமானுக்கு இது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், இன்னொரு முறை நன்றாக நனைத்து உதறினார். மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு சத்தம் வந்தது, பிறகு கருகல் வாடை. பாஸ் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். இது மெசின், லோரி இல்லை என்று மலாயில் சொன்னார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். டிரம்மர் வேப்பிலையைக் கீழே வைக்காமல் நின்றார்.

“லோரிக்கு ஒண்ணும் ஆவலியே பாஸ்,” என்றார்.

பழுது பார்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பேஸ் கித்தார்காரர் அதற்குள் சிங்கப்பூருக்குப் போயாகவேண்டும். பொதுவாக இசைக்கருவிகளை முதலில் பதிவு செய்துவிட்டு, பாடுகிறவர் பிறகு தனியறையில் நின்று, அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடுவார். இங்கே ஹெட்ஃபோனுக்குச் சத்தம் அனுப்பும் பகுதிதான் செத்துப்போயிருந்தது. ஆகவே அடுத்த வாரம், பிப்ரவரியில், நான்கு பேரும் ஒரே அறையில், முகம் பார்த்து நின்று, ஒரே நேரத்தில் வாசித்துப் பாடினார்கள். என் மனைவி டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவள் குரல் அவளுடைய மைக்கில் மட்டும் விழவில்லை. டிரம்ஸுக்கு வைத்த எல்லா மைக்கிலும் விழுந்தது. பாஸ் தலையில் கைவைத்துக்கொண்டார், பின்னால் எதையும் பிரித்தெடுக்க முடியாது என்று எச்சரித்தார். கித்தார்காரருக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. கம்பத்தில், அந்தக் கிராமத்துக் கொட்டகையில் இப்படித்தானே ஒத்திகை பார்க்கிறோம் என்றார். தீபாவளிக்குப் பிறகு, நவம்பரில், பேஸ் கித்தார்காரர் விடுமுறையில் வந்து மீதிப் பாட்டுகளை முடித்தபோது ஹெட்ஃபோன் பகுதி சரியாகிவிட்டிருந்தது. அப்போதும் அதே மாதிரிதான் பதிவு செய்தார்கள். மொத்தம் எட்டுப் பாட்டு.

பிறகு நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பாஸ் கூடத்தை மூடினார். மூடுமுன் எல்லாப் பதிவுகளையும் ஒரே வன்தட்டில் போட்டுக் கொடுத்தார். நான் இரண்டாவது முறையாகக் குறிப்பை எழுதி வைத்தேன். அந்த ஆண்டு ஒரு நாள் வீட்டில் முகக்கவசத்தைக் கழற்றியபோது என் மனைவியின் கழுத்தில் ஒரு மேடு தெரிந்தது. தைராய்டில் கட்டி. குரல்நாணுக்குப் போகும் நரம்பு அந்த வழியாகத்தான் செல்கிறது என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, எப்போதிலிருந்து குரல் கம்மியது என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருக்கும் என்னிடம் அதற்குத் தேதி இல்லை. முந்தைய டிசம்பர் இருக்கும் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் நரம்பு கட்டிக்குள்ளேயே போயிருந்தது. அதை வைத்துக்கொண்டு கட்டியை எடுக்க வழியில்லை. இப்போது அவளுக்கு ஒரு பக்கக் குரல்நாண் அசைவதில்லை. பேச்சு காற்றோடு கலந்துதான் வரும். கிளினிக்கில் தொலைபேசியை எடுத்தால் எதிர்முனையில் “ஹலோ? ஹலோ?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். அவளாகவே உள்ளறைக்கு மாற்றிக்கொண்டாள்; எக்ஸ்ரே அடுக்குவது, சாமான் கணக்கு பார்ப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அந்த நாள் நெருங்கும் வாரத்தில், அவள் தண்ணீர் குடிக்கும் சத்தத்தைக்கூட நான் அடுத்த அறையிலிருந்து கவனித்துக்கொண்டிருப்பேன். விழுங்கும்போது தடுமாறுகிறதா, இருமல் எத்தனை நேரம் நீடிக்கிறது என்று. இது அவளுக்குத் தெரியும். “காதக் கழட்டி வைங்க,” என்று ஒருமுறை சொன்னாள்.

அந்த வன்தட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தது, பழைய ரைஸ் குக்கர் பெட்டிக்குள், அலமாரியின் மேல்தட்டில். கித்தார்காரரிடம் ஒரு நகல் உண்டு. சிகிச்சைக்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. போடவா என்று நான் கேட்கவுமில்லை. அவள் பாடிய நல்ல பதிவு உலகத்தில் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் யாரோ கைத்தொலைபேசியில் எடுத்த இரைச்சல்.

சென்ற ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம், ஒரு சனிக்கிழமை மாலை, கித்தார்காரர் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில், கடையில் பொட்டலம் கட்டி தாப்பாவ் செய்த ரொட்டி சானாய். முன்கூட்டிச் சொல்லாமல் வருகிறவர் இல்லை. அவர் கார் கேட்டுக்கு வெளியே நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். ஒரு நிறுவனம் தொகுப்பை எடுத்துக்கொள்ளத் தயாராயிருக்கிறது. ஆனால் குரலை மாற்றவேண்டும். பூச்சோங்கில் ஒரு பெண் இருக்கிறாள், இணையத்தில் நிறையப் பேர் அவளைப் பின்தொடர்கிறார்கள், எட்டுப் பாட்டையும் அவள் பாடிவிட்டால் வெளியிட்டுவிடலாம்.

என் மனைவி ரொட்டியைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். “பதிவாகியிருக்கறதுக்கு என்னா?” என்று கேட்டாள்.

“அதுக்கு ஒண்ணும் இல்ல லா. நல்லாத்தான் இருக்கு. ஆல்பம் வந்தா ஷோவுக்குக் கூப்பிடுவான். மேடையில யாரு நிப்பா? அதான் அவங்க கேக்குறாங்க.”

அவள் கிண்ணத்தில் குழம்பை ஊற்றினாள். அவரே தொடர்ந்தார். “நீ திரும்பப் பாட முடிஞ்சா நான் ஏன் வேற ஆளத் தேடப்போறேன்?”

சொன்ன பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது போலிருக்கிறது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் தலையில் நரை கூடியிருந்தது. இந்தத் தொகுப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் அவருக்கும் ஆண்டுகள் போயிருந்தன. அது வெளிவராமல் அவர் வேறு பாட்டு ஒன்றும் கட்டவில்லை. அதனால் எனக்கு அவர்மேல் முழுதாகக் கோபப்பட முடியவில்லை.

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றாள் என் மனைவி. “கொழம்பு ஆறுது, சாப்புடு.”

அவர் போன பிறகு அவள் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். என் நினைப்பு இரண்டு பக்கமும் ஓடியது. வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் தொகுப்பு அலமாரியிலேயே கிடக்கும். சரி என்று சொன்னால் அவள் குரல் யாருக்கும் கேட்காமலே அழியும். பழைய குரலோடு வெளிவந்தாலும் நிம்மதி இல்லை. கல்யாண வீட்டில், கோவிலில், யாராவது ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒரு பாட்டுப் பாடேன் என்பார். உறவில் பாதிப் பேருக்கு அவளுக்கு நடந்தது சரியாகத் தெரியாது. தொண்டை கட்டியிருக்கிறது என்றுதான் இன்னமும் நினைக்கிறார்கள்.

அவள் பதில் சொல்லுமுன்பே கித்தார்காரர் பூச்சோங்கில் ஓர் அறை பிடித்து அந்தப் பெண்ணை வைத்துப் பாடிப்பார்த்துவிட்டார். இதை எனக்குச் சொன்னவர் டிரம்மர். வேலை நாளில், துறைமுகத்தில் லோரியை வரிசையில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

“அண்ணே, அந்தப் பொண்ணு பாதிப் பாட்டுல ஹெட்ஃபோன கழட்டிட்டா. பின்னால யாரோ கூடவே பாடுறாங்கன்னு சொல்றா. பயந்துட்டா அண்ணே.”

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். என் மனைவியின் மைக்கில் விழுந்த குரலை நீக்கிவிட்டார்கள், ஆனால் டிரம்ஸுக்குள் இருக்கும் குரல் போகவில்லை. ஏதோ மென்பொருள் போட்டு அதையும் துடைத்துப் பார்த்தார்களாம். டிரம்ஸ் பிஸ்கட் டின்னைத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. எட்டுப் பாட்டுக்கும் டிரம்ஸை மறுபடி வாசிக்கும்படி கித்தார்காரர் இவரிடம் கேட்டிருக்கிறார்.

“அக்காவத் துடைக்கறதுக்கு நான் உக்காந்து வாசிக்கணுமா? முடியாதுன்னுட்டேன். மஞ்சத் தண்ணி தெளிச்சது நானு. அது அப்படியே நிக்கணும்னு இருக்கு, விடுங்க.”

அன்று சாயங்காலம் கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து திரும்பி வரும்போது இதை என் மனைவியிடம் சொன்னேன். மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. பிஸ்கட் டின் என்றதும் அவள் சிரித்தாள். அவள் சிரிப்பில் இப்போது சத்தம் இல்லை, தோள்தான் குலுங்கும். பிறகு இருமல் வந்தது. அது நிற்கும்வரை நான் எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் போய்க் கேக்கணும்,” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூச்சோங்குக்குப் போனோம். ஒரு கடைவீட்டின் பின்னறை, சுவரெல்லாம் முட்டைத்தட்டு போன்ற பஞ்சு. கித்தார்காரர், டிரம்மர், அந்தப் பெண். அவளுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை. “அக்கா, எனக்குத் தெரியாது. சும்மா மாதிரிக்குப் பாடி வெச்சதுன்னுதான் சொன்னாங்க,” என்றாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் இருத்தினாள்.

கித்தார்காரர் முழுக் கலவையைப் போடப்போனார். என் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டு டிரம்ஸ் மைக்குகளை மட்டும் போடச் சொன்னாள்.

தாளத் தட்டுகளின் இரைச்சலுக்குப் பின்னால், பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல, அவள் பாடினாள். எனக்கு அறையை விட்டு வெளியே போய்விடலாம் போலிருந்தது. ஐந்தாறு ஆண்டுகளாக நான் அந்தப் பெட்டியை மேல்தட்டில் வைத்திருந்தது இந்த நேரம் வந்துவிடக்கூடாது என்றுதான். அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் முகம் சுளித்திருந்தது. நான் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது பாட்டில் கையைத் தூக்கினாள். “இங்க இறங்கிட்டேன். கேக்குதா? சுருதி இறங்குது.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே லா,” என்றார் கித்தார்காரர்.

“ஒன் கித்தாரு காதுக்குள்ள கத்திக்கிட்டு இருந்தா எனக்கு எப்படிக் கேக்கும்?”

டிரம்மர் சிரித்துவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு பாட்டிலும் ஏதாவது ஒன்றைச் சொன்னாள். மூச்சு வாங்கும் இடம், சொல்லை விழுங்கிய இடம். ஒரு வேலையைத் திருப்பிப் பார்க்கிற ஆள் போல. நான் நாற்காலியின் கையை விட்டுவிட்டு முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

எட்டாவது பாட்டு வந்தது. அதில் உச்சத்துக்குப் போகும் ஓர் அடி, மூன்று முறை வரும். முதல் இரண்டு முறை சரியாகத்தான் போனது. மூன்றாவது முறை குரல் கிழியவில்லை, கம்மியது. ஒரு நொடி வெறும் காற்று மட்டும் வந்து, பிறகு குரல் திரும்பியது. அந்த இடத்தில் வழக்கமாக வரும் கிழிசல் இது இல்லை. இப்போது எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற காற்று அது.

அவளும் அதைக் கேட்டாள். திரும்பப் போடச் சொன்னாள். மறுமுறை கேட்டபோது, அந்த அடிக்குச் சற்று முன்னால் ஒரு சின்னச் சரசரப்பு இருப்பது எனக்குத் தெரிந்தது. மிக்சரில் மஞ்சள் தண்ணீர் இறங்கிய குமிழ் ஒன்று பிப்ரவரிப் பதிவுகளில் அவ்வப்போது அப்படிச் சரசரக்கும்.

“இது எப்பப் பதிவானது?” என்று கேட்டேன்.

பிப்ரவரி என்றார் கித்தார்காரர். சரசரப்பே சாட்சி, பாஸ் அதை ஆண்டு நடுவில் சுத்தம் செய்துவிட்டார் என்றார். நவம்பர் என்றார் டிரம்மர். தீபாவளி முறுக்கை வைத்துக்கொண்டுதான் அந்தப் பாட்டை வாசித்தோம், சரசரப்பு கடைசிவரை போகவே இல்லை என்றார். கணினியில் கோப்புகளைத் திறந்து காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி; பாஸ் வன்தட்டில் நகலெடுத்த நாள். இரண்டு பதிவுகளின்போதும் நான் போகாத நாட்கள் இருந்தன. அந்த நாட்களுக்கு என் குறிப்பேட்டில் அலுவலக வேலைதான் எழுதியிருக்கிறது; தொகுப்புக்கு எழுதிய முந்தைய குறிப்புகளிலும் இந்தப் பாட்டுக்கு மட்டும் தேதியை விட்டுவைத்திருந்தேன்.

நவம்பர் என்றால் மருத்துவரிடம் நான் சொன்ன டிசம்பருக்கு அது அருகில்தான். பிப்ரவரி என்றால், கழுத்தில் மேடு தெரிவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னாலேயே அது உள்ளே இருந்திருக்கிறது, இந்த எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது, பாட்டு நன்றாக வந்தது என்று கைதட்டியிருக்கிறோம். நான் மறுபடியும் டிரம்மரிடம் முறுக்கு யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்க ஆரம்பித்தேன்.

“விடுங்க,” என்றாள் என் மனைவி. “தேதி தெரிஞ்சா என்னா பண்ணப்போறீங்க?”

அவள் கித்தார்காரர் பக்கம் திரும்பினாள். அவள் குரல் நான்கடி தாண்டினால் கேட்காது என்பதால் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம்.

“ஏழு பாட்டு என்னோடது. சுருதி இறங்குனதும் என்னோடதுதான். அதத் தொட வேணாம். இந்த எட்டாவத மட்டும் இவ பாடட்டும். ஆனா டிரம்ஸுக்குள்ள நான் இருக்கறது அப்படியே இருக்கணும்.”

“கம்பெனிக்காரன் ஒத்துக்க மாட்டான்.”

“ஒத்துக்க வேணாம்.”

“ஷோவுக்குக் கூப்பிட்டா?”

“நீ பாடு. ஒனக்கு வாயில்லியா?”

கித்தார்காரர் பாடிக் கேட்டவர்கள் அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். டிரம்மர் வாயைப் பொத்திக்கொண்டார். கித்தார்காரர் சிரிக்கவில்லை. கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பெண்தான் பேசினாள். பாடும்போது பழைய குரலைத் தன் ஹெட்ஃபோனில் சத்தமாகவே வைக்கலாமா என்று கேட்டாள். கூட ஒரு ஆள் இருந்தால் பயமாக இருக்காது என்றாள். முன்பு பயந்தது அதே ஆளைக் கேட்டுத்தான் என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. அன்று மதியமே பாடி முடித்தாள். அந்தத் தேதியை நான் உடனே குறித்துக்கொண்டேன்.

நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு குரல், அதில் ஒன்று மேடைக்கு வராது என்றால் எப்படி என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு கித்தார்காரர் எங்களோடு பேசவில்லை. செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் மட்டும் வரும். தன்னிடம் இருக்கும் நகலை வைத்து அவர் வேறு ஏதாவது செய்துவிடுவாரோ, ஏழு பாட்டையும் புதிதாகவே பதிவு செய்துவிடுவாரோ என்று எனக்கு ஓயாத பயம். ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. ரைஸ் குக்கர் பெட்டியை இறக்கி வன்தட்டு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். அதற்காக நான் ஏறிய நாற்காலியில் உதிர்ந்திருந்த தூசியை அவள் துடைத்து வைத்தாள்.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, முன்னறிவிப்பு எதுவுமின்றி, அவரே தொகுப்பை இணையத்தில் ஏற்றிவிட்டார். என் மனைவிக்கு ஒரு வரி அனுப்பியிருந்தார். “போட்டாச்சு. மூணாவது பாட்டு சுருதிக்கு நான் பொறுப்பில்ல.” அவள் அதைக் கிளினிக்கின் உள்ளறையில் படித்துவிட்டு, திரும்பும் ரயிலில் எனக்குக் காட்டினாள். அடுத்த மாதம் அவர் ஒரு புதிய பாட்டின் மெட்டை அனுப்பினார், ஆர்மோனியத்தில் வாசித்தது, குரல் இல்லாமல்.

நான் பயந்ததும் நடந்தது. ஜனவரியில் கிள்ளானில் ஒரு கல்யாணம். சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு சித்தி, என்னம்மா உன் பாட்டெல்லாம் போனில் வருகிறதாமே, ஒரு நாலு வரி பாடு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பக்கத்து மேசைகள் திரும்பின. நான் எழுந்துவிட்டேன், எதற்கென்று எனக்கே தெரியாது. என் மனைவி சித்தியின் கைத்தொலைபேசியை வாங்கி, தேடி எடுத்து, அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல இருக்கு சித்தி, கேட்டுக்குங்க,” என்றாள். பிறகு இலையில் மீதியிருந்த பாயசத்தைச் சாப்பிட்டாள். சித்தி அவள் குரலைக் கேட்டார், தொலைபேசியில் வந்த குரலையும் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை.

கடந்த பரிசோதனையில், அவள் ரத்தம் கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, குரல் கம்மியது டிசம்பருக்கு முன்னாலேயே இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொன்னேன். இனி அது சிகிச்சை எதையும் மாற்றாது என்றார். முடிவுகள் நன்றாகவே இருந்தன. எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று எழுத முடியவில்லை.

தொகுப்போடு போகும் குறிப்பை நான்காவது முறையாக இந்த மாதம் எழுதி முடித்தேன். இணையத்தில் பாட்டுகளின் கீழே போடப்போகிறார்கள். ஏழு பாட்டுக்கும் நாள், இடம் எழுதியாயிற்று. எட்டாவதற்கு வந்தபோது, பிப்ரவரி என்றே போட்டுவிடலாம், சரசரப்பு இருக்கிறது. நவம்பர் என்றே போட்டுவிடலாம், முறுக்கு இருக்கிறது. பாஸ் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியவில்லை. அவருடைய பழைய எண்ணுக்கு அனுப்பிய செய்தி அவரைப் போய்ச் சேர்ந்த அடையாளம் இல்லை. என் மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, தெரியாததைத் தெரியாது என்று போடுங்கள் என்றாள். ஆகவே அந்த வரி இப்படி இருக்கிறது:

“எட்டாவது பாட்டு. இரண்டாம் குரல் பதிவானது பூச்சோங், சென்ற ஆண்டு ஜூன் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். முதல் குரலும் இசையும் பதிவானது ஸ்ரீ கெம்பாங்கான். பிப்ரவரியிலா நவம்பரிலா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.”